துப்பாக்கி மேல தப்பு இல்லீங்க

கல்யாணப் பந்தியில் ரசம் ஊத்தும்போதுதான் பெரிய பெரிய தொழில்நுட்ப முடிவெல்லாம் எடுக்கப்படுது என்பது என் நீண்டநாள் அனுபவம். போன மாசம் திருமங்கலம் பக்கம் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பக்கத்து இலையில் என் மச்சான். சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே ஆரம்பிச்சார்.

"ஏன் மாப்ள, உங்க பெரியப்பா ரைஃபிள் குறி தப்புதாம்ல? பேசாம நம்ம லேத் பட்டறையில குடுத்து முன்னாடி ஒரு இஞ்ச் வெட்டிரு. ட்ரிகரை லேசா ராவிரு. யூட்யூப்ல பாத்தேன், புதுசு மாதிரி ஆயிரும்."

எனக்குப் புரை ஏறிடுச்சு. எதிர்ல இருந்த ஒரு தாத்தா வேற "ஆமாப்பா, பழசு, எத்தன நாளைக்குத்தான் தாங்கும்" என்று தீர்ப்பும் எழுதிட்டார். பந்தியில் சண்டை போடக் கூடாதுன்னு பாயசத்தைக் குடிச்சிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். சொல்ல வேண்டியதை இங்க சொல்லிடுறேன். மச்சான் படிப்பார்னு நம்பிக்கை இருக்கு. :-)

நான் பொட்டி தட்டுற ஆளுங்க. துப்பாக்கி லைசென்ஸ் கிடையாது, சுட்டதும் கிடையாது. லைசென்ஸ் பெரியப்பா பேரில். துப்பாக்கி தாத்தா காலத்துது, .315 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். தோட்டத்துக் காவலுக்குன்னு வாங்கினது. இப்ப அதை வச்சு ஒரு காட்டுப்பன்னியைக்கூட சுட முடியாது, அதுக்கு வனத்துறை ஆளுங்கதான் வரணும். ஆனாலும் பெரியப்பாவுக்கு அது தாத்தா விட்டுட்டுப் போன பொருள். முறையா புதுப்பிச்சு, அப்பப்ப அனுமதி உள்ள ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ப் பத்து ரவுண்டு சுட்டுட்டு வருவார். கூட நான் போவேன், நோட்டும் வெர்னியர் காலிப்பரும் எடுத்துக்கிட்டு. அவர் சுடுவார், நான் ஓட்டையை அளப்பேன். அந்த நோட்டை நம்பித்தான் இவ்வளவு பேசுறேன்.

முதல்ல இந்தத் துப்பாக்கி என்ன ஜாதகம்னு பாத்துருவோம். போலீஸ்காரங்க தோள்ல நாம எல்லாரும் பாத்திருக்கிற த்ரீ நாட் த்ரீ, அதாவது லீ என்ஃபீல்டு, அதோட சித்தப்பா பையன் இது. வெள்ளைக்காரன் காலத்துல ராணுவத் தோட்டா ஊர்க்காரன் கையில புழங்கக் கூடாதுன்னு .303 வகையைத் தனியாருக்குத் தடை பண்ணிட்டான். அதனால அதே லீ என்ஃபீல்டு உடம்புல வேற தோட்டா போடுற மாதிரி .315 செஞ்சாங்க. தோட்டாவோட பூர்வீகம் ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிச்சர். பர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ. கம்பெனி செஞ்சது. அப்புறம் கல்கத்தா பக்கத்து இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை செஞ்சது. அந்தத் தொழிற்சாலையை வச்சிருந்த ஆர்ட்னன்ஸ் போர்டை 2021 அக்டோபர்ல ஏழு கம்பெனியாப் பிரிச்சுட்டாங்க. ஆனா ஊருக்குள்ள இன்னும் "ஆர்ட்னன்ஸ் துப்பாக்கி"தான்.

சரி, இந்தக் குடும்பமே குறி தப்புற குடும்பமா? 1914-க்கு முன்னாடி பிரிட்டிஷ் ராணுவத்துல சிப்பாய்க்கு ஒரு பரீட்சை உண்டு. 300 கஜ தூரத்துல இருக்கிற குறியைப் பாத்து ஒரு நிமிஷத்துல 15 ரவுண்டு சுடணும். கையில இருந்தது இதே லீ என்ஃபீல்டு. டெலஸ்கோப் கிடையாது, வெறும் இரும்புக் குறிதான். சாதாரணச் சிப்பாய் பாஸ் பண்ண பரீட்சை அது. அந்த வம்சத்துல வந்த துப்பாக்கியை வச்சுக்கிட்டு 50 மீட்டர்ல தேங்காய் அளவு குறியை அடிக்க முடியலைன்னா, தப்பை வேற எங்கயோ தேடணும்.

எங்க தேடணும்னுதான் இப்ப கதை.

2024 மார்ச் 16-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவிச்சாங்க. தேர்தல் வந்தாலே லைசென்ஸ் துப்பாக்கிக்காரங்களுக்கு ஸ்டேஷன்ல இருந்து ஃபோன் வந்துரும், "கொண்டாந்து ஒப்படைச்சிருங்க" என்று. 2019, 2021, 2024 என்று பெரியப்பா வரிசையாக் கொண்டுபோய்க் குடுத்திருக்கார், உள்ளாட்சித் தேர்தல் கணக்கு தனி. அந்தத் தடவை ஏப்ரல் 19-ல ஓட்டுப் போட்டாச்சு. ஆனா எண்ணிக்கை ஜூன் 4. ஆக ரெண்டரை மாசத்துக்கு மேல துப்பாக்கி அங்கதான். எந்த ஸ்டேஷன்னு சொல்ல மாட்டேன். திருப்பி வாங்கப் போனப்ப கோணிச் சாக்குல சுத்தி, சிமெண்ட் தரையில, சுவத்துல சாய்ச்சு வச்சிருந்தாய்ங்க. அந்த மே மாசம் கோடை மழை வேற நல்லாப் பெஞ்சிருந்துச்சு. சாக்கு பிசுபிசுன்னு இருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா எண்ணெய் போட்டுத் தொடைச்சு வச்சார். ஆடிக் காத்துல கட்டை காஞ்சிருக்கு. அப்புறம் ரேஞ்சுக்குப் போனா, முன்னாடி நடுவுல விழுந்துக்கிட்டிருந்தது இடது பக்கம் ஓடுது. அதுவும் ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. 50 மீட்டர்ல அஞ்சு ரவுண்டு குரூப் 14 செ.மீ. முன்னாடி என் நோட்டுல இருந்தது 6 செ.மீ. பெரியப்பா முகம் சுருங்கிப் போச்சு. "எனக்குத்தான் கண்ணு போச்சு போலடா தம்பி" என்றார். அதைக் கேட்டப்பதான் எனக்கு வீராப்பு வந்துச்சு.

நம்ம தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. நேத்து வரைக்கும் ஓடின ப்ரோக்ராம் இன்னிக்கு ஓடலைன்னா, முதல் கேள்வி "நடுவுல என்ன மாறுச்சு?" குழல் மாறல. தோட்டா அதே பெட்டி. பெரியப்பா கண்ணு ரெண்டு மாசத்துல அவ்வளவு மோசமாகாது. மாறினது ஒண்ணே ஒண்ணு, கட்டை. மரம் ஈரத்தைக் குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். நம்ம வீட்டு வாசக்கதவு ஐப்பசியில மூட மாட்டேங்குது, சித்திரையில ஆடுதுல்ல, அதே கதைதான்.

லீ என்ஃபீல்டுல கட்டை ரெண்டு துண்டு. தோள்ல வைக்கிற அடிக்கட்டை தனி, குழலுக்குக் கீழ இருக்கிற முன்கட்டை தனி. அந்த முன்கட்டையை உடம்போட பிடிச்சிருக்கிறது முக்கியமா ஒரு ஸ்க்ரூ, ட்ரிகர் கார்டுக்கு முன்னாடி இருக்கும். சுடும்போது குழல் நாணல் மாதிரி அதிரும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிர்ந்தா தோட்டா ஒரே இடத்துக்குப் போகும். முன்கட்டை ஒரு பக்கம் மட்டும் குழலைத் தள்ளினா, இல்ல ஸ்க்ரூ தளர்ந்து கட்டை ஒவ்வொரு சூட்டுக்கும் நகர்ந்தா, அதிர்வு மாறும், குறியும் மாறும். இரும்புல ஒரு கோளாறும் இருக்காது.

அதனால முதல்ல தோட்டா இல்லைன்னு பெரியப்பா ரெண்டு தடவை பாத்தார், போல்ட்டைக் கழட்டித் தனியா வச்சார். அப்புறம் மூணு சோதனை. செலவு பூஜ்யம்.

ஒண்ணு, அந்த ஸ்க்ரூ. சரியான அகலமுள்ள திருப்புளி வச்சுப் பாத்தா அரைச் சுத்து தளர்வு. மரம் சுருங்கினா ஸ்க்ரூ தானாத் தளரும். இறுக்கணும்தான். ஆனா பலத்தைக் காட்டி இறுக்கினா மரம் நசுங்கும், அடுத்த வருஷம் இன்னும் தளரும்.

ரெண்டு, தினசரி காலண்டர் தாள். ஒரு தாளைக் கிழிச்சு (வெள்ளிக்கிழமை, ராகுகாலம் எல்லாம் போட்டிருந்துச்சு) குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவுல விட்டு இழுத்துப் பாத்தோம். வலது பக்கம் வழுக்கிக்கிட்டு வந்துச்சு. இடது பக்கம் பாதியில மாட்டிக்கிச்சு. அங்க மரம் வளைஞ்சு குழலைத் தள்ளுது. திருடன் சிக்கிட்டான்.

மூணு, குழல் வாய். தோட்டா கடைசியாத் தொட்டுட்டுப் போற இடம் அதுதான். அங்க ஒரு பக்கம் தேஞ்சிருந்தா பின்னாடி வர்ற வாயு ஒரு பக்கமாப் பீச்சி, தோட்டாவைச் சாய்ச்சு விட்டுரும். காது குடையுற பஞ்சுக் குச்சியை விளிம்பைச் சுத்தி மெல்ல ஓட்டினா, பிசிறு இருக்கிற இடத்துல நூல் மாட்டும். எங்களுக்கு மாட்டல. வாய் சுத்தம். மச்சான் வெட்டச் சொன்ன இடம் இதுதான்! ஒரு கோளாறும் இல்லாத இடம்.

இது வரைக்கும் பாக்குறது நம்ம வேலை. மரத்தைச் செதுக்குறது நம்ம வேலை இல்ல. பெரியப்பா லைசென்ஸ் புத்தகத்தோட, உரிமம் உள்ள ரிப்பேர்க்காரர் ஒருத்தர்கிட்ட கொண்டுபோனார். வயசான மனுஷன். குழலுக்கு அடியில லேசாக் கறுப்புப் பூசி, முன்கட்டையை மாட்டிக் கழட்டி, கறை பட்ட இடத்தை மட்டும் சுரண்டினார். அவர் எடுத்த மரத்தூள் ஒரு டீஸ்பூன் இருக்காது. திரும்ப மாட்டி, ஸ்க்ரூவை இறுக்கினார். அடுத்த தடவை ரேஞ்சுல அஞ்சு ரவுண்டு, குரூப் 6.5 செ.மீ., நடுவுக்குப் பக்கத்துல. மறுபடி அஞ்சு, 6 செ.மீ. பெரியப்பா ஒண்ணும் பேசல. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார், அவ்வளவுதான்.

இப்ப மச்சான் வகையறாவுக்கு வர்றேன். வீட்டுல வச்சுத் துப்பாக்கியை "இம்ப்ரூவ்" பண்றேன்னு கிளம்பின வீரர்கள் செய்யிற வேலைகளைக் கேட்டா வயிறு எரியுது.

குழலை முன்னாடி வெட்டுறது. வேலைன்னு பாத்தாலே தப்பு. வெட்டினா முன்குறி போகும், வாய் விளிம்பைக் குழலுக்கு நேர் செங்குத்தா முடிக்கணும், அது கண்ணளவுல வராது. சட்டம்னு பாத்தா அதைவிடப் பெரிய தப்பு. 1959 ஆயுதச் சட்டம் 6-வது பிரிவு, உரிமம் இல்லாம குழலைக் குறைக்கக் கூடாதுன்னு தனியாவே சொல்லுது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் தண்டனை குறைஞ்சது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். லேத்காரரும் சேர்ந்து உள்ள போவார். ரசம் சாதத்துக்கு நடுவுல குடுக்கிற ஐடியாவா இது?

ட்ரிகரை ராவுறது. விசை லேசா இருந்தா குறி நல்லா வரும்ங்கிறது பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆளைக் கொல்லுறது. லீ என்ஃபீல்டு ட்ரிகர் ரெண்டு கட்டமா இழுக்கும், அது கோளாறு இல்ல, அப்படித்தான் செஞ்சிருக்காங்க. பிடிச்சு வைக்கிற முனையை அரத்தால கொஞ்சம் அதிகமா எடுத்துட்டா, போல்ட்டைத் தள்ளி மூடும்போதே வெடிக்கலாம். அந்த நேரத்துல குழல் யாரைப் பாத்துக்கிட்டு இருக்கும்?

எம்-சீல் போட்டுக் கட்டையை அடைக்கிறது. அது தண்ணிக் குழாய்க்குங்க! வெளிநாட்டுல கட்டைக்குன்னே எபாக்ஸி போடுறாங்க, வாஸ்தவம். எங்க போடணும், எங்க போடக் கூடாது, இரும்போட ஒட்டாம இருக்க என்ன தடவணும் என்பதெல்லாம் தெரிஞ்சவன் போடுறான். தெரியாம போட்டா இரும்பும் மரமும் ஒண்ணாப் பூட்டிக்கும், அப்புறம் சுத்தியல்தான்.

முன்கட்டையைச் சுத்தமாக் குடைஞ்சு குழலை எங்கயும் தொடாம விடுறது. இது அமெரிக்க வீடியோ சொல்ற வேதம். கனத்த குழலும் ஒரே துண்டுக் கட்டையும் உள்ள நவீன ரைஃபிளுக்குப் பொருந்தும். லீ என்ஃபீல்டு அந்த யோசனையில பொறந்த துப்பாக்கி இல்ல. ராணுவ மாடல்ல முன்கட்டை குழலை ஒரு அளவா மேல தாங்கணும்னே அமைப்பு. அந்தத் தாங்கலை எடுத்துட்டா குரூப் விரியறதும் நடக்கும். குடைஞ்ச மரம் திரும்ப வராது.

அடிக்கட்டையை முதல்ல கழட்டுறது. பழைய ராணுவ லீ என்ஃபீல்டுல அடிக்கட்டை போல்ட்டோட சதுர முனை முன்கட்டைக்குள்ள மாட்டியிருக்கும். முன்கட்டையை எடுக்காம அதைத் திருப்பினா முன்கட்டை பொளந்துக்கும். "லேசாத்தான் திருப்புனேன், டப்புன்னு சத்தம் வந்துச்சு" என்பார்கள். வரும்ல!

வாய்ப் பக்கமிருந்து கம்பி விட்டு, கயிறு விட்டு இழுத்து இழுத்துச் சுத்தம் பண்றது. பழைய ராணுவத் துப்பாக்கிகள்ல வாய் ஒரு பக்கமாத் தேஞ்சிருக்குன்னா பல சமயம் காரணம் சண்டை இல்ல, சுத்தம் பண்ண கயிறு. இந்த வகையில போல்ட்டைப் பின்னாடி உருவிடலாம். பின்பக்கமிருந்தே கம்பியை விடுங்களேன், யார் வேண்டாம்னது?

அப்புறம் ஒரு கூட்டம் இருக்கு. மூணு ரவுண்டு சுட்டு, மூணும் கிட்டக்க விழுந்தா "செட் ஆயிடுச்சு" என்று படம் எடுத்துப் போடுறது. இன்ஜினியரிங்ல ப்ராபபிலிட்டி பேப்பர்ல அரியர் வச்சவன் என்கிற தகுதியில சொல்றேன். துப்பாக்கியோட சிதறல் ஒரே அளவு இருந்தாலும், அதிக ரவுண்டு சுட்டா குரூப் பெருசாத்தான் தெரியும். சராசரி கணக்குல, மூணு ரவுண்டு குரூப் 2.4 அலகுன்னா, அஞ்சுக்கு 3.1, பத்துக்கு 3.8. அதே துப்பாக்கி, அதே ஆள். மூணு ரவுண்டுல 4 செ.மீ. வந்தது பத்து ரவுண்டுல 6-ஐத் தாண்டும். ராவுறதுக்கு முன்னாடி பத்து ரவுண்டு, ராவின அப்புறம் மூணு ரவுண்டு சுட்டுப் பாத்துட்டு "பாத்தியா, குறைஞ்சிருச்சு" என்றால் குறைஞ்சது ரவுண்டுதான்.

இன்னொரு கணக்கும் பாருங்க. பின்குறிக்கும் முன்குறிக்கும் நடுவுல ஏறத்தாழ அரை மீட்டர்னு வைங்க. குறிப்பலகை 50 மீட்டர், அதாவது நூறு மடங்கு. முன்குறி பின்குறிப் பள்ளத்துல அரை மி.மீ. தள்ளியிருந்தா, அங்க 5 செ.மீ. தள்ளி விழும். அரை மி.மீ.ங்கிறது நாலஞ்சு நோட்டுத் தாள் கனம். மூச்சை இழுத்துப் பிடிச்சு, வியர்வை கண்ணுல இறங்குற நம்ம மதுரை வெயில்ல அந்த அரை மி.மீ.யைக் காப்பாத்துறவன் எத்தனை பேர்? அதைச் சரி பண்ண அரம் உதவாது. பழகணும்.

"அமெரிக்காக்காரன் வீட்டு கராஜ்லயே பண்றானே" என்று மச்சான் கேப்பார். கேள்வி நியாயம்தான். நானும் அந்த வீடியோக்களை ரசிச்சுப் பாக்குற ஆளு. பழைய ராணுவ ரைஃபிளைச் சல்லிசா வாங்கி, தானே சரி பண்ணி, கடைச் சரக்கை ஜெயிக்கிறதுல ஒரு சுகம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அங்க ஒண்ணு கெட்டா இன்னொண்ணு வாங்கிக்குவான், பார்ட்ஸ் தபால்ல வரும். இங்க ஆளுக்கு ரெண்டுதான்னு 2019-ல குறைச்சாச்சு, பார்ட்ஸ் தேடி நாய் படாத பாடு படணும். போல்ட்டை வேற துப்பாக்கியிலிருந்து எடுத்துப் போடவும் கூடாது, அது அந்தந்தக் குழலுக்கு அளந்து பொருத்தினது. இங்க ரிப்பேருக்கே உரிமம் வேணும்னு சட்டத்தோட 5-வது பிரிவு சொல்லுது. அவனுக்குக் கெட்டா சனிக்கிழமை போச்சு. நமக்குக் கெட்டா, சிட்டிக்குள்ள கமிஷனர் ஆபீஸ், வெளிய கலெக்டர் ஆபீஸ்.

துப்பாக்கி வச்சிருக்கிற பெரியவங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். குறி தப்பினா உடனே இரும்பைத் தொடாதீங்க. ஸ்க்ரூவைப் பாருங்க, காலண்டர் தாளை விடுங்க, பின்பக்கமிருந்து சுத்தம் பண்ணுங்க, ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்தி, ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணிக்கை சுட்டு நோட்டுல எழுதுங்க. அதுக்கு மேல உரிமம் உள்ளவர்கிட்ட போங்க.

ஐயாமாருக்கும் ஒண்ணு. தேர்தல்னா வாங்கி வையுங்க, வேண்டாங்கல. யார் யார் ஒப்படைக்கணும்னு பாத்து முடிவு பண்ணத்தான் மாவட்டத்துக்கு ஒரு கமிட்டி இருக்கு, அது உக்காந்து பாத்தா பாதிக் கூட்டம் குறையும். வாங்கினதைத் தரையில போடாம மரச் சட்டத்துல நிறுத்தி வையுங்க. லைசென்ஸ் உள்ள டீலர்கிட்ட ஒப்படைக்கவும் சட்டத்துல வழி இருக்கு, கேக்குறவங்களுக்கு அனுமதியுங்க. சாக்கு மட்டும் வேண்டாங்க, ப்ளீஸ்.

கல்யாணத்துல இருந்து திரும்பி வந்து மச்சான் சொன்னதைப் பெரியப்பாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சார். "அந்தப் பயகிட்ட சொல்லுடா, உங்க தாத்தாவும் கடைசிக் காலத்துல கை நடுங்கிக் குறி தப்பவிட்டாரு. அவர் கையையா வெட்டுனோம்?"

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு யாரும் திருப்புளியைத் தூக்காதீங்க. துப்பாக்கியைக் கையில எடுத்தா முதல் வேலை காலியான்னு பாக்குறது, ரெண்டாவது வேலை மறுபடி பாக்குறது. லைசென்ஸ்காரர் இல்லாம தொடவே தொடாதீங்க. மச்சான், பின்னூட்டத்துல திட்டுறதா இருந்தா திட்டிக்கங்க, பட்டறைப் பக்கம் மட்டும் போயிராதீங்க!